குறைந்த செலவில் வீட்டிலேயே அதிபர் விவாதம்

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வரும் ஆண்டுகளில், வேட்பாளர்கள் ஒரே மேடையில் நின்று விவாதிக்கும் நிகழ்ச்சி தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாகும். அன்று இரவு அக்கம்பக்கத்தாரையும் நண்பர்களையும் வீட்டிற்கு அழைத்து, சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் தோரணம் கட்டி, சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது அங்கே பல வீடுகளில் வழக்கம். இதனை வாட்ச் பார்ட்டி என்கிறார்கள். 2024 செப்டம்பர் 10 அன்று நடந்த விவாதத்தை ஏறத்தாழ 6 கோடியே 70 லட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்ததாக நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. வேட்பாளர்களில் ஒருவரான கமலா ஹாரிசின் தாயார் தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்பதால், நம்மவர் வீடுகளிலும் அன்று ஆர்வம் அதிகம் இருந்தது.

நான் மத்திய நியூஜெர்சியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். அன்று என் வீட்டில் 14 பேர் கூடினோம். அதில் இரு கட்சிக்காரர்களும் உண்டு. என் மனைவிக்கு அது குடியுரிமை பெற்ற பின் வரும் முதல் ஓட்டு. ஊரிலிருந்து வந்திருந்த மாமியாருக்கு அமெரிக்கர்கள் பேசும் வேகம் பிடிபடாது. கீழ்த் தளத்தில் குடியிருக்கும் பெரியவர் இரு காதுகளிலும் ஹியரிங் எய்ட் அணிபவர். இத்தனை பேருக்கும் இரு வேட்பாளர்களும் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் சென்று சேர வேண்டும். இதற்கு நான் செய்த மொத்தச் செலவு 60 டாலர். அதில் 22 டாலர் சாப்பாட்டுக்கு. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். 75 அங்குல டி.வி. வேண்டும், ஹோம் தியேட்டர் வேண்டும் என்று கடைக்கு ஓட வேண்டாம். கிரிக்கெட் பார்க்கும்போது ஒலி நின்றுவிட்டாலும் ஆட்டம் புரியும். விவாதத்தில் பேச்சுதான் ஆட்டம். படம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. பேச்சு தாமதமின்றி வர வேண்டும், தெளிவாகக் கேட்க வேண்டும், கேட்க முடியாதவர்கள் அதைப் படிக்க வேண்டும். உங்களிடம் இருக்கும் பணத்தை இந்த வரிசையிலேயே செலவழியுங்கள்.

1976 செப்டம்பர் 23 அன்று ஃபிலடெல்ஃபியாவின் வால்நட் ஸ்ட்ரீட் தியேட்டரில் அதிபர் ஃபோர்டும் ஜிம்மி கார்ட்டரும் விவாதித்தபோது, திடீரென ஒலி நின்றுபோனது. ஒலிக் கருவியில் ஒரு சின்னஞ்சிறு மின்னணு உறுப்பு பழுதானதே காரணம். படம் மட்டும் நன்றாக வந்துகொண்டிருந்தது. ஒலி திரும்பி வரும்வரை 27 நிமிடங்கள் இருவரும் மேடையிலேயே நின்றார்கள். நாடே அவர்கள் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நம் வீட்டில் ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள் தளர்ந்தாலும் இதே காட்சிதான்.

ஆன்டெனாவே போதும்

அதிபர் வேட்பாளர்களின் இறுதிக்கட்ட விவாதங்களைப் பெரும்பாலும் எல்லா முக்கிய நெட்வொர்க்குகளும் ஒரே நேரத்தில் ஒளிபரப்புகின்றன. 2024 செப்டம்பர் விவாதத்தை நடத்தியது ஏ.பி.சி. என்றாலும் மற்ற நெட்வொர்க்குகளும் அதைக் காட்டின. இந்த நெட்வொர்க்குகளின் உள்ளூர் நிலையங்கள் வானலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. கேபிள் கட்டணம் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம். அறைக்குள் வைக்கும் ஆன்டெனா ஒன்று போதும். நான் வாங்கியது 25 டாலர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் நடக்கும் விவாதங்கள் பல சமயம் கேபிள் சேனல்களில்தான் வருகின்றன. 2023 ஆகஸ்ட் 23 அன்று மில்வாக்கியில் நடந்த குடியரசுக் கட்சி விவாதம் ஃபாக்ஸ் நியூஸ் கேபிள் சேனல் நடத்தியது. எனவே எந்த விவாதம், எந்தச் சேனல் என்று பார்த்துவிட்டு ஆன்டெனா வாங்கவும்.

கடையில் காகிதம் போல் தட்டையான ஆன்டெனாக்கள் அழகாகத் தொங்கும். அட்டையில் போட்டிருக்கும் மைல் கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது, அதில் இழுத்து நீட்டும் இரண்டு கம்பிகள் உள்ளனவா என்பதை. ஏன் என்று சொல்கிறேன்.

டி.வி. நிலையங்கள் வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். என இரு அலைவரிசைத் தொகுதிகளில் ஒளிபரப்புகின்றன. பெரும்பாலான நிலையங்கள் யு.எச்.எஃப். தொகுதியில் உள்ளன; அவற்றின் அலைநீளம் குறைவு என்பதால் தட்டை ஆன்டெனா போதும். ஆனால் நியூயார்க்கின் ஏ.பி.சி. நிலையம் 7ஆம் சேனலில், அதாவது 174 முதல் 180 மெகா ஹெர்ட்ஸ் வரையில் ஒளிபரப்புகிறது. அலைநீளம் சுமார் 1.7 மீட்டர். ஃபிலடெல்ஃபியாவின் ஏ.பி.சி. நிலையம் இன்னும் கீழே, 6ஆம் சேனலில் உள்ளது. 82 முதல் 88 மெகா ஹெர்ட்ஸ்; அலைநீளம் மூன்றரை மீட்டர். இந்த நீள அலையை 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் தாளில் பிடிப்பது, பெரிய மீனைத் தேநீர் வடிகட்டியில் பிடிப்பது போலத்தான். முயல் காது என்று இங்கே கிண்டலாக அழைக்கப்படும் பழைய பாணிக் கம்பிகள் இதற்குத்தான் வேண்டும். 7ஆம் சேனலுக்கு ஒவ்வொரு கம்பியையும் ஏறத்தாழ 40 செ.மீ. நீட்டவும். 6ஆம் சேனலுக்கு முழுவதும் இழுத்துவிடவும், 85 செ.மீ. வரை போனால் நல்லது.

இன்னொரு குழப்பமும் உண்டு. டி.வி. திரையில் தெரியும் சேனல் எண்ணும், அந்த நிலையம் உண்மையில் ஒளிபரப்பும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2009 ஜூன் 12 அன்று முழுத்திறன் நிலையங்கள் அனைத்தும் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறியபோது பலவற்றின் உண்மை எண் மாறிவிட்டது. மக்களுக்குப் பழகிய எண் மட்டும் திரையில் தொடர்கிறது. உங்கள் பகுதிக்கு எந்த நிலையம் எந்தத் திசையிலிருந்து, எந்த உண்மை எண்ணில் வருகிறது என்பதை எஃப்.சி.சி. அமைப்பின் இணையதளத்தில் உள்ள டி.டி.வி. வரைபடப் பக்கத்தில் உங்கள் ஜிப் கோடை டைப் செய்து அறிந்துகொள்ளலாம்.

இணைப்பது எளிது. ஆன்டெனா கேபிளை டி.வி.யின் பின்னால் உள்ள ஆன்டெனா சாக்கெட்டில் திருகவும். டி.வி. மெனுவில் சேனல் பிரிவுக்குச் சென்று, கேபிளா ஆன்டெனாவா என்று கேட்கும் இடத்தில் ஆன்டெனா அல்லது ஏர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பின் ஆட்டோ ஸ்கேன் கொடுத்துக் காத்திருக்கவும். ஆன்டெனாவை ஜன்னல் பக்கம் வைப்பது நல்லது. ஓர் இடத்தில் வைத்து ஸ்கேன் செய்துவிட்டு, படம் சதுரம் சதுரமாக உடைந்தால் இரண்டடி தள்ளிவைத்து மீண்டும் ஸ்கேன் செய்யவும். மாலை வேளையில், விருந்தினர் அமரப்போகும் நேரத்திலேயே இதைச் சோதிக்கவும். 14 பேர் எழுந்து நடமாடும்போது சிக்னல் மாறும். அதனால் ஆன்டெனாவைத் தலை உயரத்திற்கு மேலே வைத்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கென இன்னொரு அறையில் டி.வி. வைப்பதாக இருந்தால், ஸ்பிளிட்டர் போட்டுப் பிரிக்கும்போது இரு பக்கமும் சிக்னல் பாதியாகக் குறையும். பலவீனமான இடத்தில் இதைச் செய்யாதீர்கள். அதேபோல் ஓர் அறையில் ஆன்டெனா, மறு அறையில் இன்டர்நெட் என்று வைத்தால் ஒரே பேச்சு இருமுறை எதிரொலித்துத் தலைவலியாகிவிடும்.

இன்டர்நெட்டில் பார்த்தால் என்ன?

பார்க்கலாம். சி-ஸ்பான், பி.பி.எஸ். போன்றவை தங்கள் யு-ட்யூப் சேனல்களில் விவாதங்களை இலவசமாக நேரடியாக வழங்கி வந்துள்ளன. ஆன்டெனா எடுக்காத வீடுகளுக்கு இதுவே வழி. ஆனால் நேரடி என்ற சொல்லை அப்படியே நம்ப வேண்டாம்.

இணையத்தில் வரும் நேரடி ஒளிபரப்பு, சில விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, சுருக்கப்பட்டு, பல சர்வர்கள் வழியாக வந்து, உங்கள் கம்ப்யூட்டரில் கொஞ்சம் சேர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். இதனால் வானலையில் வருவதைவிடப் பல விநாடிகள் பின்தங்கும். நான் முந்தைய நாள் மாலையே ஒரே செய்தி நிகழ்ச்சியை டி.வி.யில் ஆன்டெனா வழியாகவும், லேப்டாப்பில் இன்டர்நெட் வழியாகவும் ஓடவிட்டு, மொபைல் போனின் ஸ்டாப் வாட்ச்சில் இடைவெளியைக் கணக்கெடுத்தேன். எங்கள் வீட்டில் 38 விநாடி. நீங்களும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், செலவில்லாதது. யு-ட்யூப் நேரலை ஓடும்போது வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், லைவ் லேட்டன்சி என்ற வரியிலும் தாமதம் விநாடிகளில் தெரியும்.

38 விநாடி பெரிய விஷயமா என்று கேட்கலாம். தனியாகப் பார்த்தால் இல்லை. கூட்டமாகப் பார்க்கும்போதுதான் வம்பு. வேட்பாளர் வாயைத் திறக்கும் முன்பே யாராவது ஒருவரின் மொபைல் போனில் அவர் சொன்னது செய்தியாக வந்துவிடும். அவர் சிரிப்பார் அல்லது தலையில் அடித்துக்கொள்வார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். பேச்சைக் கேட்டு நாமே ஒரு முடிவுக்கு வருமுன், இன்னொருவரின் முடிவு அறைக்குள் வந்துவிடுகிறது. விவாதம் பார்ப்பதன் பயனே இதில் போய்விடுகிறது என்பது என் கருத்து. அதனால் வாசலிலேயே ஒரு கூடை வைத்தேன். போன்களை அதில் போட்டுவிட்டு உள்ளே வரவேண்டும். அவசரத்திற்கு என் மனைவியின் எண்ணை மட்டும் எல்லாரும் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

லேப்டாப்பை டி.வி.யுடன் இணைத்துத்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் சில ஏற்பாடுகள் தேவை. எச்.டி.எம்.ஐ. கேபிளை இணைத்த பின், விண்டோஸ் கீயுடன் பி கீயை அழுத்தி, செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி என்பதைக் கிளிக் செய்திடவும். ஒலி லேப்டாப்பிலேயே வந்துகொண்டிருந்தால், டாஸ்க் பாரில் உள்ள ஸ்பீக்கர் ஐகானில் கிளிக் செய்து, டி.வி.யின் பெயரைத் தேர்ந்தெடுக்கவும். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் எனச் சென்று ஸ்லீப் என்பதில் நெவர் என அமைக்கவும். விண்டோஸ் அப்டேட் பிரிவில் ஒரு வாரத்திற்கு அப்டேட்டை நிறுத்தி வைக்கும் பட்டனை அழுத்திவிடவும். விவாதத்தின் நடுவே கம்ப்யூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகும் காட்சியை ஒரு நண்பர் வீட்டில் 12 பேருடன் சேர்ந்து பார்த்திருக்கிறேன். அன்று அதுதான் அதிகம் பேசப்பட்ட விஷயம்.

வேகத்தைப் பொறுத்தவரை, 1080பி தரத்திற்கு விநாடிக்கு 5 மெகாபிட் தொடர்ந்து கிடைக்க வேண்டும். 90 நிமிட விவாதத்திற்கு இது சுமார் 3.4 கிகாபைட் டேட்டா. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் மாதக் கணக்கு வைத்து நெட் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனிக்கவும். தரத்தை 480பிக்கு இறக்கினால் முக்கால் கிகாபைட்டில் முடிந்துவிடும். பேசும் இரண்டு முகங்களைப் பார்க்க அது போதும். ரௌட்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஈதர்நெட் கேபிள் போட்டுவிட்டால், விருந்தினர்களின் போன்கள் வை-பையைப் பங்குபோட்டாலும் பாதிப்பு குறையும். கூடையில் கிடக்கும் போன்களும் சும்மா இருப்பதில்லை. போட்டோக்களை எல்லாம் பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கும்.

புரொஜெக்டர் ஆசை இருப்பவர்கள் முதலில் உள்ளூர்ப் பொது நூலகத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் பல நூலகங்கள் புத்தகங்களைப் போலவே புரொஜெக்டர்களையும் இரவல் தருகின்றன. ஆனால் பசிபிக் கரையோர மாநிலங்களில் இருப்பவர்களுக்கு இது உதவாது. கிழக்குக் கரையில் இரவு 9 மணிக்குத் தொடங்கும் விவாதம், அங்கே மாலை 6 மணி. செப்டம்பரில் அப்போது வெயிலே இருக்கும். மலிவு புரொஜெக்டர் வெளிறிப் போகும்.

ஒலிதான் உயிர்

இன்றைய டி.வி.க்கள் மெலிந்துவிட்டதால் அவற்றின் ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கின்றன. நம் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய ஒலி சுவரைப் பார்த்துப் பேசுகிறது. ஒலியைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும்; சொல் தெளிவு கூடாது.

ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது மெய்யெழுத்துகளின் ஒலி. அவை பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையில் உள்ளன. பூம் பூம் என்று அதிரும் பாஸ் ஒலி அவற்றை மூடிவிடும். எனவே டி.வி.யின் சவுண்ட் மெனுவில் கிளியர் வாய்ஸ், ஸ்பீச், டயலாக், நியூஸ் என ஏதாவது ஒரு பெயரில் இருக்கும் பேச்சு மோடைத் தேர்ந்தெடுக்கவும். பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கு வாங்கிய ஸ்பீக்கர்கள் பரணில் இருந்தால் எடுத்து, டி.வி.யின் ஹெட்போன் சாக்கெட்டில் இணைத்துப் பாருங்கள். அவற்றை உட்கார்ந்திருப்பவர்களின் காது உயரத்தில், முன்னோக்கி வைக்கவும். உடன் வரும் சப் வூபர் பெட்டியை இன்றைக்கு ஆஃப் செய்துவிடலாம். ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். சிலவற்றில் ஒலி உதட்டசைவுக்குப் பின்னால் வரும். வயருக்கு அந்த வியாதி கிடையாது.

அறையையும் கவனிக்கவும். தரையில் கம்பளமும் ஜன்னலில் கனமான திரையும் இருந்தால் எதிரொலி குறையும். இல்லையென்றால் பழைய ஜமுக்காளத்தை விரித்துவிடலாம். அது உட்காரவும் ஆயிற்று. காது சரியாகக் கேட்காதவர்களுக்கு ஸ்பீக்கருக்கு அருகில் இடம் ஒதுக்குங்கள். சமையலறையில் குக்கர் வைக்காதீர்கள்.

அடுத்தது கேப்ஷன். என்னைக் கேட்டால் இதுதான் அன்றைய இரவின் மிகப் பெரிய வசதி. இதற்குக் காசும் இல்லை. டி.வி. ரிமோட்டில் சி.சி. என்ற பட்டனை அழுத்தினால் பேசுவது திரையில் ஆங்கிலத்தில் எழுத்தாக வரும். பட்டன் இல்லாத ரிமோட்டில் செட்டிங்ஸ், ஆக்சஸபிலிட்டி எனச் சென்றால் கிடைக்கும். டிஜிட்டல் கேப்ஷனில் எழுத்தின் அளவையும் நிறத்தையும் மாற்றலாம். கறுப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்து, பெரிய அளவு என வைத்தால் அறையின் கடைசி நாற்காலியிலிருந்தும் படிக்க முடிகிறது. நேரடி நிகழ்ச்சி என்பதால் எழுத்து சில விநாடி பின்தங்கும். அவ்வப்போது பிழையும் வரும்.

இன்டர்நெட்டில் வரும் வீடியோவில் கேப்ஷன் இல்லை என்றால் விண்டோஸ் 11 இதைத் தானே செய்து தருகிறது. விண்டோஸ், கன்ட்ரோல், எல் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். கம்ப்யூட்டரில் எந்த ஒலி ஓடினாலும் அதை எழுத்தாக்கித் தரும் லைவ் கேப்ஷன்ஸ் பட்டை திரையில் தோன்றும். முதல் முறை மொழிக்கான ஃபைல் ஒன்றை டவுன்லோட் செய்திட அனுமதி கேட்கும். அதை முந்தைய நாளே முடித்துவிடவும். பட்டையில் உள்ள கியர் அடையாளத்தில் கிளிக் செய்து, பட்டை மேலே வரவேண்டுமா கீழே வரவேண்டுமா என முடிவு செய்யலாம். பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்கள் குரோம் பிரவுசரின் செட்டிங்ஸில் ஆக்சஸபிலிட்டி பிரிவில் உள்ள லைவ் கேப்ஷனை இயக்கிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் இதனால் பலனடைந்தது ஹியரிங் எய்ட் அணிந்த பெரியவர் மட்டுமல்ல. ஆங்கிலத்தைச் சரளமாகப் படிக்கத் தெரிந்தும் அமெரிக்க உச்சரிப்பில் தடுமாறும் என் மாமியார், பத்தாவது நிமிடத்தில் என் பக்கம் திரும்பி, "இப்பத்தான் மாப்பிள்ளை, இவங்க என்ன பேசுறாங்கன்னே புரியுது" என்றார். அதன் பிறகு அவரிடமிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் எங்களால் முடியவில்லை.

மாற்று ஏற்பாடாக பேட்டரியில் இயங்கும் ரேடியோ ஒன்றையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பொது வானொலி நிலையங்கள் விவாதத்தை ஒலிபரப்புகின்றன. மின்சாரம் போனாலும் பேச்சு நிற்காது.

தோரணமும் கொடியும்

தேசபக்தி அலங்காரம் என்றதும் கொடி அச்சிட்ட மேஜை விரிப்பு, கொடி அச்சிட்ட காகிதக் கைத்துடைப்பு என்று கடைகளில் குவித்து வைத்திருப்பார்கள். அமெரிக்காவின் கொடி விதித் தொகுப்பு இதற்கு நேர் எதிரானது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருள்களில் கொடியை அச்சிடக் கூடாது. கொடியைத் திரைச்சீலையாகத் தொங்கவிடக் கூடாது. மீறினால் தண்டனை எதுவும் இல்லை. மரியாதைக்கான வழிகாட்டிதான். ஆனாலும் ராணுவத்தில் பணியாற்றியவர்கள் விருந்தினராக வரும் வீட்டில், கொடி போட்ட காகிதத்தில் கை துடைத்துக் குப்பையில் போடுவது நன்றாக இராது.

எனவே நிறங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தோரணத்தில் நீலம் மேலே, வெள்ளை நடுவில், சிவப்பு கீழே. உண்மையான கொடி ஒன்று இருந்தால் சுவரில் தட்டையாக மாட்டவும். நட்சத்திரங்கள் உள்ள நீலப் பகுதி பார்ப்பவருக்கு இடப்புறம் மேலே வரவேண்டும். கொடியைக் குறுக்காக மாட்டினாலும் நெடுக்காக மாட்டினாலும் இதே விதி. நெடுக்காக மாட்டுபவர்கள்தான் பெரும்பாலும் தவறுகிறார்கள்.

கம்ப்யூட்டரில் தோரணம் தயாரிக்கும் ஆசை வரும். முழுப் பக்கத்தையும் நீலமாகப் பிரிண்ட் செய்தால் இங்க்ஜெட் கார்ட்ரிட்ஜ் காலியாகிவிடும்; அந்தச் செலவில் இரண்டு விருந்து வைக்கலாம். அதற்குப் பதில் வேர்ட் தொகுப்பில் இன்சர்ட், ஷேப்ஸ் சென்று ஐந்து முனை நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, ஷிப்ட் கீயை அழுத்தியபடி வரைந்தால் கோணல் இல்லாமல் வரும். ஷேப் ஃபில் என்பதில் நோ ஃபில் கொடுத்து, வெறும் கோட்டை மட்டும் வெள்ளை அட்டையில் பிரிண்ட் செய்து வெட்டுங்கள். அதனை அச்சாக வைத்து, டாலர் கடைகளில் கிடைக்கும் நிறத்தாள்களில் வரைந்து வெட்டினால் தோரணம் தயார். தாள், நூல் எல்லாம் சேர்த்து எனக்கு 5 டாலர்தான் ஆனது. நறுக்கியவர்கள் பக்கத்து வீட்டுக் குழந்தைகள்.

வேட்பாளர்களின் படம், சின்னம், கட்சி நிறத் தொப்பி எதுவும் வேண்டாம் என்று அழைப்பிலேயே எழுதிவிட்டேன். இருதரப்பாரும் வர வேண்டும் என்றால் இது அவசியம்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சத்தம் போடாத பண்டங்களாக இருக்கட்டும். முறுக்கும் சிப்ஸும் 14 வாய்களில் நொறுங்கும்போது எந்த ஸ்பீக்கரும் போட்டி போட முடியாது. கொண்டைக்கடலை சுண்டலும் இட்லியும் மலிவு, மென்மை. 2024ல் நடந்த இரு அதிபர் விவாதங்களிலும் இரண்டு விளம்பர இடைவேளைகள் இருந்தன. பரிமாற அதுவே நேரம். முந்தைய ஆண்டுகளில் தனி ஆணையம் நடத்திய விவாதங்களில் இடைவேளையே கிடையாது. ஆகவே நிகழ்ச்சியின் விதிகளைப் பார்த்துவிட்டு, இடைவேளை இல்லையென்றால் 9 மணிக்கு முன்பே பந்தியை முடித்துவிடவும்.

உண்டியல் வைக்காதீர்கள். செலவைப் பகிர்ந்துகொள்ள ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரச் சொல்லலாம். ஆனால் கூட்டத்தில் யாராவது உற்சாகத்தில் ஒரு வேட்பாளருக்கு நன்கொடை திரட்டத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். எச்-1பி, மாணவர் விசா, சுற்றுலா விசா என வந்திருப்பவர்கள் அமெரிக்கத் தேர்தல்களுக்கு நன்கொடை தருவது சட்டப்படி குற்றம். க்ரீன் கார்டு வைத்திருப்பவர்கள் நன்கொடை தரலாம், ஆனால் கூட்டாட்சித் தேர்தல்களில் ஓட்டுப் போடக் கூடாது. உட்கார்ந்து பார்ப்பதற்கு யாருக்கும் தடையில்லை.

பதில் வந்ததா?

இத்தகைய விருந்துகளில் பிங்கோ விளையாடுவது பிரபலம். வேட்பாளர் வழக்கமாகச் சொல்லும் சொற்களைக் கட்டங்களில் எழுதி, சொன்னதும் அடித்துக்கொண்டே வருவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காது அந்தச் சொல்லுக்காகவே காத்திருக்கும், வாதம் நழுவிவிடும்.

நான் எக்ஸெலில் வேறொரு தாள் தயாரித்தேன். நான்கு நெடுவரிசைகள்: நெறியாளர் கேட்ட கேள்வி எதைப் பற்றி, முதலில் யாரிடம் கேட்டார், அவர் கேட்டதற்குப் பதில் சொன்னாரா, மற்றவர் மறுப்பில் அதே விஷயத்தைப் பேசினாரா. கடைசி இரண்டிலும் ஆம் அல்லது இல்லை மட்டுமே எழுத வேண்டும். யார் சொன்னது சரி, யார் வென்றார் என்ற நெடுவரிசையே கிடையாது. 2024 செப்டம்பர் விவாதத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல 2 நிமிடம், மறுப்புக்கு 2 நிமிடம் என விதி இருந்ததால், எழுதுவதற்கு அவகாசம் தாராளமாகக் கிடைத்தது. பெரியவர்களுக்காக எழுத்தளவை 16 ஆக வைத்து, பேஜ் லேஅவுட்டில் லேண்ட்ஸ்கேப் தேர்ந்தெடுத்து, பிரிண்டர் அமைப்பில் டிராஃப்ட் தரத்தில் ஆளுக்கொன்று பிரிண்ட் எடுத்தேன்.

விவாதம் முடிந்ததும் டி.வி.யை நிறுத்திவிட வேண்டும். இது முக்கியம். உடனே ஸ்டுடியோவில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் வென்றார் என்று சொல்லத் தொடங்குவார்கள். அதற்குமுன் தாள்களை வாங்கி, லேப்டாப்பில் எல்லாருடைய ஆம், இல்லைகளையும் ஏற்றி, கௌண்ட்இஃப் ஃபங்ஷன் மூலம் எண்ணி, இன்சர்ட் மெனுவில் பார் சார்ட் போட்டு டி.வி. திரையில் காட்டினேன். கால் மணி நேர வேலை.

என் மனைவியும் கீழ்த்தளப் பெரியவரும் எதிரெதிர்க் கட்சிகளுக்கு ஓட்டுப் போடுபவர்கள். இருவர் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பதில் சொன்னாரா என்ற நெடுவரிசையில் முக்கால்வாசி இடங்களில் இருவரும் ஒரே சொல்லை எழுதியிருந்தார்கள். தம் வேட்பாளர் நழுவிய இடங்களில் பெரியவர் இல்லை என்று கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். மாறுபட்ட இடங்களைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்; போன் கூடையை எடுத்துத் தர நள்ளிரவாகிவிட்டது.

இந்த எக்ஸெல் ஃபைலை டெம்ப்ளேட்டாக சேவ் செய்து வைத்துக்கொண்டால் அடுத்த விவாதத்திற்கு வேட்பாளர் பெயரை மட்டும் மாற்றினால் போதும். மாநில கவர்னர் தேர்தல், நகர மேயர் தேர்தல் விவாதங்களுக்கும் இது பொருந்தும். அடுத்த அதிபர் தேர்தல் நாள் 2028 நவம்பர் 7. ஆன்டெனாவை அட்டைப் பெட்டியில் போட்டு எடுத்து வையுங்கள். மீண்டும் எடுக்கும்போது மறக்காமல் ஒருமுறை ஆட்டோ ஸ்கேன் செய்திடவும். இடைப்பட்ட காலத்தில் நிலையங்களின் அலைவரிசை மாறியிருக்கலாம்.